பி 0171: சென்சர் வாங்க முதல் காற்றுக் கசிவைப் பாருங்கள்

தம்பி, உங்கட விட்ஸ் கார் நிற்கும்போது நடுங்குகிறது, நிலாவெளி றோட்டில் ஓடினால் சரி, ஸ்கானரில் பி 0171 என்ற பிழைக் கோட், கராஜில் ஒட்சிசன் சென்சர் மாற்றச் சொல்கிறார்கள் என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். கலவையில் காற்று கூட, பெற்றோல் குறைவு என்பதுதான் அந்தக் கோட். புகையிலுள்ள ஒட்சிசனை அளக்கும் அந்தச் சென்சர் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்லும், பாவம்.

எஞ்சின் சூடானபின் ஸ்கானரில் ஃபியூவல் ட்ரிம், அதாவது எஞ்சின் கணினி பெற்றோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு, பாருங்கள். ஐட்லில் (மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) பிளஸ் 20 சதவீதமளவில் நின்று, 2500 ஆர்பிஎம்மில் நன்றாக இறங்கினால் எங்கோ வெடிப்பு வழியாகக் கள்ளக் காற்று இழுக்கிறது. ஏர் பில்டருக்கும் த்ரொட்டிலுக்கும் (காற்றுப் போகும் வழியைத் திறந்து மூடும் பகுதி) இடையிலுள்ள ரப்பர் குழாயின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். வெடிப்பு அதற்குள்தான் ஒளிந்திருக்கும். அப்புறம் பிசிவி குழாய், எஞ்சினுக்குள் சேரும் வாயுவைத் திரும்ப இழுக்கும் குழாய். வெடித்ததை மாற்றுங்கள், டேப் சுற்றினால் நிற்காது.

ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ட்ரிம் ஏறினால் மட்டும், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சரின் அழுக்கு, பெற்றோல் பில்டர், பம்ப் பக்கம் போங்கள்.