கேட்டதும் சொன்னதும்

கேள்வி: விடுமுறைக்கு வரும் பேரனைத் தரங்கம்பாடிக் கோட்டை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகலாமா? சலித்துக்கொள்வானோ? (வாசகி, கும்பகோணம்)

பதில்: தாராளமாகப் போங்கள், அம்மா. சலிப்பெல்லாம் நம்மைப் போன்ற கிழங்களுக்குத்தான்! என் பேத்தி அங்கிருக்கும் திமிங்கில எலும்பை விட்டு நகரவே இல்லை. சிறிய பீரங்கிக் குண்டுகளைப் பார்த்து, “கிரிக்கெட் பந்தா தாத்தா?” என்றாள். நானோ சீனத்துத் தேயிலை ஜாடிகளில் மயங்கி நின்றேன். டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை. 1845இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்கு எழுதிய பொன்னோலையைத் தேடாதீர்கள், அசல் கோபன்ஹேகனில் இருக்கிறது. கீழ்த்தளத்துச் சிறையறையைக் கடைசியில் காட்டுங்கள். முதலில் காட்டினால் பையன் வெளியே வர மாட்டான்.