உண்மையைச் சொன்ன பிள்ளையைக் கிள்ளலாமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு நான்கரை வயது. தீபாவளிக்கு நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். அவர் ஆசையாக நெய்யுருண்டையை நீட்ட, இவளோ "வேணாம் அத்தை, உங்க நெய்யுருண்டை கல்லு மாதிரி இருக்கும்னு அம்மா சொன்னாங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். எனக்கு மானமே போய்விட்டது. காரில் ஏறியதும் தொடையில் நன்றாகக் கிள்ளிவிட்டேன். நாத்தனார் இன்னும் போனை எடுக்கவில்லை. இந்த வாயை எப்படி அடக்குவது?
– ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: சகோதரி, முதலில் அந்தக் கிள்ளலைப் பேசுவோம். பொய் சொல்லாதே என்று தினமும் சொல்லி வளர்க்கிறோம், அவளும் பொய் சொல்லவில்லை, அப்புறம் எதற்கு வலித்தது என்று அவளுக்குப் புரிந்திருக்காது. அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்பது பிள்ளைகளுக்கு நான்கு வயதையொட்டித்தான் மெல்லப் பிடிபட ஆரம்பிக்கும். "அம்மா சொன்னாங்க" என்பது அவளுக்கு வெறும் செய்தி, உங்களைக் காட்டிக்கொடுக்கும் எண்ணமெல்லாம் கிடையாது.

நாசூக்கு தானாகவும் வரும். 2002இல் விக்டோரியா தல்வார், காங் லீ என்ற ஆய்வாளர்கள் 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மூக்கில் லிப்ஸ்டிக் கறையோடு இருந்த ஒருவர், போட்டோ எடுக்கும் முன் "நான் நல்லா இருக்கேனா?" என்று கேட்க, பெரும்பாலான பிள்ளைகள் நல்லா இருக்கீங்க என்றே சொன்னார்கள், அவர் வெளியே போன பிறகுதான் இன்னொருவரிடம் உண்மையைச் சொன்னார்கள். இதை அடித்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்குக் கிளம்பும் முன், "பிடிக்கலைன்னா இப்ப வேணாம் அத்தை, நன்றின்னு சொன்னா போதும், மத்ததை அம்மா காதுல வந்து சொல்லு" என்று நடித்துக் காட்டுங்கள். அதில் பொய்யே இல்லை. பிடிக்காததை "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்ல வைக்காதீர்கள்.

நாத்தனார் விஷயம் வேறு. அவருக்கு வலித்தது உங்கள் வார்த்தை, பிள்ளையின் வார்த்தை இல்லை. "சின்னப் பிள்ளை, ஏதோ உளறிட்டா" என்று மட்டும் சமாளிக்காதீர்கள், உண்மை சொன்ன பிள்ளை அங்கே பொய்க்காரி ஆகிவிடுவாள். நேரில் போய் "நான் சொன்னது தப்புதான் அண்ணி" என்று சொல்லுங்கள், மகளும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய கவலை. நாளைக்கே அவள் "அந்த மாமா வீட்டுக்கு வர மாட்டேன், அவர் தொடறது பிடிக்கலை" என்று சொல்ல வேண்டி வரலாம். பெரியவர்களைப் பற்றி உள்ளதைச் சொன்னால் கிள்ளு விழும் என்று பழகிய பிள்ளை அதை யாரிடம் போய்ச் சொல்லும்? அப்படி ஒரு பேச்சு வந்தால் "சே, அப்படிச் சொல்லாதே" என்று மறந்தும் வாயைப் பொத்தாதீர்கள், முழுக்கக் கேளுங்கள், தேவைப்பட்டால் அரசாங்கத்தின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசே (Talian Kasih) 15999க்கு அழையுங்கள். அந்த வாய் திறந்தே இருக்கட்டும், நெய்யுருண்டைச் சண்டை நாலு நாளில் ஆறிவிடும்.

கேள்வி: பட்டர்வொர்த் ஃபெரிப் படகில் ஒரு கால் இல்லாதவரைப் பார்த்து என் ஐந்து வயது மகன் "அப்பா, அந்த அங்கிள் கால் எங்க?" என்று சத்தமாகக் கேட்டான். அவனை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். செய்தது சரியா?
– ஒரு தந்தை, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: இழுத்துக்கொண்டு போனால், பார்க்கவே கூடாத ஆள் போலிருக்கிறது என்றுதான் அவன் நினைப்பான். கேட்ட அதே குரலில், "சிலருக்கு ஒரு கால் இருக்காதுப்பா, அங்கிள் ஊன்றுகோல் வெச்சு நடக்கிறார்" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். ஏன், எப்படி ஆச்சு என்று தோண்டினால், அது அவர் சொந்த விஷயம், வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்று சொல்லிவிடலாம். அவர் நிமிர்ந்து பார்த்தால் நீங்கள் முதலில் தலையசைத்துச் சிரியுங்கள், பையனும் பார்த்துச் சிரிப்பான்.