கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலில் இரண்டாம் நிலை குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தி, பந்தை எறியும் ஆட்டக்காரர்) முதலிடத்துக்கு வர முடியுமா?

முடியும். ஆனால் கதவைத் திறப்பது பெரும்பாலும் முன்னால் இருப்பவரின் காயம்தான். 2014-இல் ஒஹாயோ ஸ்டேட் அணியில் கார்டேல் ஜோன்ஸ் மூன்றாவது ஆள். சீசனுக்கு முன்பே முதல் ஆளான பிராக்ஸ்டன் மில்லருக்குத் தோளில் அடி. மிச்சிகனுடனான ஆட்டத்தில், அவர் இடத்துக்கு வந்த ஜே.டி. பாரெட்டுக்குக் கணுக்கால் முறிந்தது. ஜோன்ஸ் தொடக்கத்திலிருந்தே இறங்கிய அடுத்த மூன்று ஆட்டங்களில் விஸ்கான்சின் 59-0, அலபாமா 42-35, ஓரிகன் 42-20 என்று வீழ்ந்தன. தேசியப் பட்டமும் வந்தது. அடுத்த சீசனிலேயே இடம் பாரெட்டிடம் திரும்பிப் போனது வேறு விஷயம்.

உண்மையான தடை பயிற்சி நேரம். முதல் அணியோடு ஆடும் வாய்ப்புகளில் பெரும்பங்கு முதல் நிலை குவார்ட்டர்பேக்குக்கே போகும். அதனால் மாற்று ஆள் திடீரென இறங்கும்போது ஆட்டத்தைத் தொடங்க, முன்வரிசை நடுவில் நிற்கும் சென்டர் பின்னால் தரும் பந்தே (ஸ்னாப்) கை நழுவலாம். பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் திரும்பும் நொடி கணக்குத் தப்பும். அடுத்த ஸ்னாப்புக்கான 40 நொடிக் கடிகாரத்துக்குள், எதிரணி கூடுதல் ஆட்களோடு தன்மீது பாயப்போவதை (பிளிட்ஸ்) கண்டு தடுப்பாளர்களை மாற்றத் தெரிகிறதா, பந்தை எதிரணிக்குத் தாரை வார்க்காமல் இருக்கிறாரா என்பதைத்தான் பயிற்சியாளர்கள் பார்ப்பார்கள். கை வலு அதற்கு அப்புறம்தான்.

காயமே இல்லாமலும் நடக்கும். 2018 ஜனவரியில் நடந்த தேசியப் பட்ட இறுதி ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 0-13 என்று பின்தங்கிய அலபாமா, இடைவேளையில் ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்து டுவா டகோவைலோவாவை இறக்கி, கூடுதல் நேரத்தில் 26-23 என வென்றது. அதே ஆண்டு டிசம்பரில் ஜார்ஜியாவுக்கு எதிராகவே டுவா காயப்பட, ஹர்ட்ஸ் வந்து 35-28 என முடித்துக்கொடுத்தார்.