பெயின்ட் உதிராமல் பெங்களூரு வரை

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா வணக்கம். காட்பாடியில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். நண்பர்களோடு வார்ஹாமர் (சின்னச் சின்ன வீரர் உருவங்களை மேஜையில் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு) விளையாடுவேன். என்னிடம் அறுபது பிளாஸ்டிக் வீரர்கள், 3டி பிரிண்டரில் எடுத்த ரெசின் உருவங்கள் பத்து, இறக்கை விரித்த டிராகன் ஒன்று இருக்கின்றன. எல்லாம் நானே பெயின்ட் அடித்தவை. பெங்களூருக்கு ரயிலில் விளையாடப் போகும்போது ஷூ டப்பாவில் பஞ்சு வைத்து எடுத்துப் போகிறேன். தவறாமல் ஒரு ஈட்டியாவது உடைகிறது, பெயின்ட்டும் தேய்கிறது. வெளிநாட்டு ஃபோம் பைகள் விலை அதிகம். என்ன பெட்டி வாங்கலாம்?
– கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: தம்பி, முதலில் அந்தப் பஞ்சை எடுத்துவிடுங்கள். வாள் நுனியிலும் விரலிடுக்கிலும் அதன் இழை சிக்கிக்கொள்ளும். உங்கள் ஈட்டிகளில் பாதி ரயிலில் உடைந்திருக்காது, பஞ்சிலிருந்து இழுத்து எடுக்கும்போது உடைந்திருக்கும்.

ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிகளுக்கு ஃபோம் வெட்டிக் கொடுக்கும் தொழிலில் இருந்தவன் நான். அப்படிப்பட்ட நானே உங்களுக்குச் சொல்வது, பிளாஸ்டிக் வீரர்களுக்கு ஃபோம் வேண்டாம், காந்தம் போதும் என்றுதான். ஃபோம் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் அது உருவத்தின் உடம்பைப் பிடிக்கிறது. வண்டி குலுங்கக் குலுங்க, தோள்பட்டை விளிம்பிலும் மூக்கு நுனியிலும் உரசிக்கொண்டே இருக்கும். பெயின்ட் முதலில் போகிற இடமும் அதுதான். காந்தமோ பேஸை, அதாவது உருவம் நிற்கிற அடித்தட்டை மட்டும், பெட்டியின் அடியில் போடும் இரும்புத் தகட்டோடு பிடிக்கும், நீங்கள் ராத்திரி கண்விழித்து அடித்த பெயின்ட்டின் மேல் எதுவும் படாது.

5 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனமுள்ள நியோடிமியம் வட்டக் காந்தம் வாங்குங்கள். 25, 32 மி.மீ. பேஸுக்கு ஒன்று போதும், 40 மி.மீ. பேஸுக்கு இரண்டு வையுங்கள். பெரும்பாலான பேஸ்கள் அடியில் குழிவாக இருக்கும். காந்தத்தை அந்தக் குழியின் கூரையில் நேராக ஒட்டினால் தகட்டுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியே பிடிப்பைப் பெருமளவு குறைத்துவிடும். அதனால் ஒரு பிளாஸ்டிக் துண்டை அடியில் வைத்து, காந்தத்தின் முகம் பேஸ் விளிம்புக்குச் சமமாக வரும்படி உயர்த்தி ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு அரால்டைட் (இரண்டு டியூப்பைக் கலந்து பூசும் எபாக்ஸி பசை) நல்லது. ஃபெவிக்விக் சீக்கிரம் பிடிக்கும், ஆனால் காய்ந்தபின் முறுகிப்போகும். ஒரு அதிர்ச்சி போதும், காந்தம் தகட்டிலேயே தங்கிவிட்டு வீரர் மட்டும் கையோடு வருவார். ஒட்டுமுன் காந்தத்தின் பளபளப்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரி முழுக்கக் காயட்டும்.

இப்போது பெட்டி. வேலூர் லாங்கு பஜார் பாத்திரக் கடைகளுக்குப் போகும்போது பையில் ஒரு காந்தம் இருக்கட்டும். எவர்சில்வர் எல்லாவற்றிலும் காந்தம் ஒட்டாது. நல்ல டிபன் கேரியர்களுக்குப் பயன்படும் 304 ரகத்தில் பொதுவாக ஒட்டாது, 430 ரகத்தில் ஒட்டும். அலுமினியத்தை மறந்துவிடுங்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான்: அடி தட்டையாக உள்ள, பக்கவாட்டில் கொக்கி போட்டு மூடுகிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்குங்கள். தகரப் பட்டறையில் உள்ளளவு சொன்னால் ஜி.ஐ. ஷீட்டை (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) வெட்டி, ஓரத்தை மடித்துத் தருவார்கள். மடிக்காத ஓரம் கையைக் கிழிக்கும், கட்டாயம் மடிக்கச் சொல்லுங்கள். மிக மெல்லிய தகரத்தில் காந்தம் முழுப் பலத்தோடு பிடிக்காது, அதனால் அரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் கேளுங்கள். இரட்டைப்பக்க டேப்பால் அடியில் ஒட்டிவிடுங்கள். பெட்டியின் உயரம், உங்கள் படையில் மிக உயரமான ஈட்டியின் நுனிக்கு மேல் ஒரு சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்க வேண்டும். வீரர்களைத் தகட்டில் நிறுத்தி அளந்துகொண்ட பிறகு கடைக்குப் போங்கள். கடையில் கண்ணால் மதிப்பிடுகிற அளவு பெரும்பாலும் குறைவாகத்தான் வரும்.

காந்தத்தை மேல்நோக்கி இழுத்தால் பலமாகப் பிடிக்கும், ஆனால் பக்கவாட்டில் தள்ளினால் அவ்வளவு தாங்காது, வழுக்கும். ரயில் இன்ஜின் மாட்டும்போது வரும் ஆட்டம் பக்கவாட்டு ஆட்டம்தான். தகட்டின் மேல் சொரசொரப்பான மேட் பெயின்ட்டை மெல்லிய ஒரு கோட் மட்டும் அடியுங்கள், வழுக்கல் குறையும். ஒருவரின் வாள் அடுத்தவரைத் தொடாத இடைவெளியும் விடுங்கள். எல்லோரையும் நிறுத்தியபின் பெட்டியைப் படுக்கை மேல் கவிழ்த்து நாலு குலுக்குக் குலுக்குங்கள். யார் விழுகிறாரோ அவருக்கு இன்னொரு காந்தம் வேண்டும்.

ரெசின் உருவங்கள் வேறு ஜாதி. 3டி பிரிண்ட் ரெசினில் பெரும்பாலானவை வளையாது, சட்டென்று ஒடியும். பேஸ் ஆடாமல் இருந்தாலும் மெல்லிய தண்டு தன் ஆட்டத்திலேயே முறியக்கூடும். இவற்றுக்கு மட்டும் ஃபோம் போடுங்கள். பேர்ணாம்பட்டு, ஆம்பூர்ப் பக்கத்து ஷூ மெட்டீரியல் கடைகளில் இ.வி.ஏ. என்ற ஃபோம் ஷீட் கிடைக்கும். அது கெட்டியானது, எளிதில் அமுங்காது. பெட்டிச் சுவருக்கும் அறை பிரிப்பதற்கும் அதைப் பயன்படுத்துங்கள், உருவத்தின் மேல் நேராகப் படவிடாதீர்கள். உருவத்தைத் தொடும் பக்கத்துக்கு மெத்தென்ற பாலியூரிதேன் ஸ்பாஞ்சு போதும். நம் ஊர் வெயிலில் இந்த ஸ்பாஞ்சு சில வருஷங்களில் பொடிந்து பிசுபிசுக்கும், விரலில் தூள் ஒட்ட ஆரம்பித்ததும் மாற்றிவிடுங்கள். வெளிநாட்டுப் பைக்குள் இருப்பதும் ஃபோம்தான் என்பதால், அந்தச் செலவு உங்களுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

டிராகனின் இறக்கையை ஒட்டாமல் காந்தம் வைத்துக் கழற்றி மாட்டும்படி செய்யுங்கள். பேஸுக்கு எந்தத் துருவம் வந்தாலும் பரவாயில்லை. இங்கே அது முக்கியம், மாறினால் இறக்கை தள்ளிவிடும். ஒட்டுமுன் இரண்டு காந்தங்களையும் ஒட்டவிட்டுப் பார்த்து, வெளிமுகத்தில் மார்க்கர் புள்ளி வையுங்கள்.

இன்னொன்று, இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது உதிரிக் காந்தங்களைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். இரண்டை விழுங்கினால் வயிற்றுக்குள் அவை ஒன்றையொன்று இழுத்து, நடுவே குடல் மாட்டி ஓட்டையாகிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

சரி, பயணம். காட்பாடி ஜங்ஷன் வரை பைக்கில் போவதாக இருந்தால் பெட்டியை டேங்க் மேல் கட்டாதீர்கள், ரயிலின் ஆட்டத்தைவிட பைக்கின் நடுக்கம் மோசம். பின்னால் உட்காருபவர் மடியில் தட்டையாக வைத்துக்கொள்ளட்டும். ரயிலில் சீட்டுக்கு அடியில் தட்டையாகவே இருக்கட்டும். மேல் தட்டில் வேண்டாம், யாராவது சூட்கேஸை அதன் மேல் ஏற்றிவிடுவார்கள்.

கேள்வி: போர்டு கேமோடு வந்த உருவங்களை காரில் விட்டுவிட்டேன். வெயிலில் வாள்களெல்லாம் வளைந்துவிட்டன. நிமிர்த்த முடியுமா?
– இல்லத்தரசி, ஆற்காடு

பதில்: முடியும் அம்மா. அவை மெத்தென்ற பி.வி.சி. ரகமாகத்தான் இருக்கும். அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் இடுக்கியால் சிறிது நேரம் முக்கி, இளகியதும் நேராக்கி, அப்படியே பிடித்துக்கொண்டு ஐஸ் தண்ணீரில் போடுங்கள், நின்றுவிடும். மே மாதத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், மூடிய காருக்குள் சூடு அதைவிட ஏறும். எந்தப் பெட்டியும் அந்தச் சூட்டைத் தடுக்காது, இறங்கும்போது கையோடு எடுத்துப் போய்விடுங்கள்.

கேள்வி: பெட்டியில் வைக்குமுன் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். வெள்ளையாகப் பூத்துவிட்டது. ஏன்?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: மழைநாளில் அடித்திருப்பீர்கள். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் மேட் வார்னிஷ் பூக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஸ்ப்ரே வேண்டாம், தண்ணீரில் கலக்கும் வார்னிஷைத் தூரிகையால் பூசுங்கள். முதலில் கிளாஸ் (பளபளப்பான வார்னிஷ்) ஒரு கோட், நன்றாகக் காய்ந்தபின் மேட் ஒரு கோட். கிளாஸ் தேய்மானத்தைத் தாங்கும், மேட் பளபளப்பை அடக்கும். பூத்துப்போனதன் மேல் மெல்லியதாக ஒரு கிளாஸ் கோட் கொடுத்துப் பாருங்கள், பல நேரம் தெளிந்துவிடும்.