கேள்வி – பதில்: பெர்னார் கீ

கேள்வி: பிரபல நாவல் ஒன்றில் இரக்கமற்ற விசாரணையாளராக வரும் பெர்னார் கீ உண்மையில் வாழ்ந்தவரா?

பதில்: ஆம். பிரான்ஸின் லிமோசின் பகுதியில் 1260களின் தொடக்கத்தில் பிறந்து, தொமினிக்கன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்ந்து, 1307-இல் துலூஸ் நகரின் சமய விசாரணையாளராக, அதாவது திருச்சபையின் போதனைக்கு மாறான நம்பிக்கை கொண்டோரை விசாரித்துத் தண்டிப்பவராக, நியமிக்கப்பட்டவர். அவர் தந்த தண்டனைகளைப் பதிந்த ஏடு இன்றும் இருக்கிறது. அதன்படி, உயிரோடு எரிக்கப்படுவதற்காக அரசதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள் நாற்பதை ஒட்டியவர்களே. பெரும்பாலோருக்குச் சிறை, அல்லது ஆடையில் மஞ்சள் சிலுவை தைத்துக்கொண்டு ஊரார் முன் நடமாடும் அவமானம். இறந்தவர்களையும் அவர் விடவில்லை: எலும்புகளைத் தோண்டியெடுத்து எரிக்கச் செய்தார்.

1323-24 வாக்கில் அவர் முடித்த விசாரணைக் கையேட்டில், வால்தென்சியர் (திருச்சபை தவறான கொள்கையினர் என்று கண்டித்த ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) ஒருவரிடம் நம்பிக்கையைப் பற்றிக் கேட்டால், "நல்ல கிறிஸ்தவன் நம்ப வேண்டிய அனைத்தையும் நம்புகிறேன்" என்று அவர் நழுவுவார் என்றும், உடனே "நல்ல கிறிஸ்தவன் என்று நீ யாரைக் கருதுகிறாய்?" என்று மடக்க வேண்டும் என்றும் விளக்கப்படுகிறது. கையேட்டின் இந்தப் பகுதியில் பழைய நூல்களிலிருந்து எடுத்தாண்டவையும் உண்டு. வெறியரைவிட, கோப்புகளைக் கரைத்துக் குடித்த அதிகாரியையே இதில் நான் காண்கிறேன். அதுதான் கூடுதல் அச்சம் தருகிறது.

திருத்தந்தையர் வரலாறு, புனிதர் சரிதைகள், இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸின் வாழ்க்கை ஆகியவற்றையும் எழுதிய அவர், 1324-இல் லொதேவ் நகரின் ஆயராகி, 1331-இல் இறந்தார்.