அப்டேட் விட்டாலே ஆப் உடைகிறதா? 500 டெஸ்டை வாங்குவதற்கு முன்

கேள்வி: எங்கள் வியாபாரத்துக்கு ஒரு மொபைல் ஆப் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு அப்டேட்டிலும் ஏதாவது ஒன்று உடைகிறது. "500 ஆட்டோமேஷன் டெஸ்ட் போட்டுவிடுகிறோம், அப்புறம் பராமரிப்பே தேவையில்லை" என்கிறது ஒரு நிறுவனம். நம்பலாமா?

பதில்: டெஸ்டை நம்பலாம், "பராமரிப்பே தேவையில்லை" என்று சொல்லும் வாயை நம்பாதீர்கள். ஆப்பைத் தானாக இயக்கிச் சோதிக்கும் இந்த டெஸ்டும் ஒரு புரோகிராம்தான், அதுவும் உடையும். 'செலுத்து' என்ற எழுத்தைத் தேடி அழுத்தும்படி ஸ்கிரிப்ட் எழுதியிருப்பார்கள். டிசைனர் ஒருநாள் அதை 'பணம் கட்டு' என்று மாற்றுவார். ஆப் ஜோராக ஓடும், ஆனால் மறுநாள் காலை 40 டெஸ்ட் தோல்வி என்று சிவப்பாக நிற்கும். நாலு தடவை இப்படி நடந்தால் சிவப்பைப் பார்ப்பதையே எல்லோரும் விட்டுவிடுவார்கள். அதனால்தான் எண்ணிக்கையைக் காட்டி விற்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. பட்டன்களுக்கு, மேலே தெரியும் எழுத்து மாறினாலும் மாறாத ஐடி (உள்பெயர்) வைத்து, லாகின், தேடல், பணம் செலுத்துதல் என்று உடைந்தால் வியாபாரமே நின்றுவிடும் இடங்களுக்கு மட்டும் 15 டெஸ்ட் எழுதச் சொல்லுங்கள், போதும்.

உங்கள் ஆப் அப்டேட்டில் மட்டும் உடைகிறது என்றால் என் முதல் சந்தேகம் வேறு. சோதிப்பவர்கள் பழைய ஆப்பை அழித்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்து பார்ப்பார்கள், எல்லாம் ஓடும். வாடிக்கையாளர் போனிலோ பழைய பதிப்பு சேமித்த தரவு அப்படியே இருக்கும், புதிய பதிப்பு அதைப் படிக்கத் தெரியாமல் விழும். பழைய பதிப்பின் மேல் புதியதை ஏற்றிப் பார்க்கும் டெஸ்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். வெளியிடும்போதும் ஒரேயடியாக விடாமல் முதலில் 5 சதவீதம் பேருக்கு மட்டும் விடுங்கள், கூகுள் பிளேயில் அந்த வசதி இருக்கிறது.

நீங்கள் எதையும் தொடாவிட்டாலும் ஸ்டோர்காரர்கள் சும்மா இருக்க விடமாட்டார்கள். கூகுள் ஆண்டுதோறும் வரம்பை உயர்த்துகிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் வரும் அப்டேட்டுகள் ஆண்ட்ராய்டு 15 அல்லது அதற்கு மேலான பதிப்புக்கு ஏற்றபடி கட்டப்பட்டிருக்க வேண்டும் என்றது. நிராகரித்தால் பல சமயம் காரணத்தை நேராகச் சொல்லவும் மாட்டார்கள், விதிப் பக்கத்தின் லிங்க் ஒன்றை அனுப்புவார்கள், நாமே துப்பறிய வேண்டும்.

இதைவிடப் பெரிய பொறி, ஸ்டோரில் ஆப் யார் கணக்கில் இருக்கிறது என்பது. நிறுவனம் தன் டெவலப்பர் கணக்கிலேயே ஏற்றியிருந்தால் பிடி அவர்கள் கையில். கூகுளில் சொந்தக் கணக்குக்கு ஒரே முறை 25 டாலர், ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர், அவ்வளவுதான். அடுத்தது சாவி, அதாவது அப்டேட் அதே ஆப்பின் உரிமையாளரிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பக் கோப்பு. இந்த விஷயத்தில் மட்டும் ஒரு விலக்கு உண்டு, நிதானமாகப் படியுங்கள். 2021 ஆகஸ்டுக்குப் பிறகு பிளேயில் புதிதாக ஏறிய ஆப் என்றால் அசல் கையொப்பச் சாவியைக் கூகுளே காக்கிறது; உங்கள் ஆள் வைத்திருப்பது அப்டேட்டைக் கூகுளுக்கு அனுப்ப மட்டும் பயன்படும் அப்லோட் சாவி, அது தொலைந்தாலும் கணக்கின் உரிமையாளர் விண்ணப்பித்து மாற்றிக்கொள்ளலாம். அதற்கு முந்தைய ஆப், கூகுளே சாவியைக் காக்கும் 'பிளே ஆப் சைனிங்' வசதியிலும் சேர்க்கவில்லை என்றால் கதை வேறு. சாவி போனால் அப்டேட்டும் போச்சு. வேறு பேக்கேஜ் பெயரில் (ஸ்டோர் ஆப்பை அடையாளம் காணும் பெயர்) புது ஆப் போட்டு, ஒவ்வொரு வாடிக்கையாளரையும் மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொல்ல வேண்டும். பழைய ரேட்டிங்கும் கூட வராது.

அதனால் 500 டெஸ்ட் பேச்சை ஓரமாக வையுங்கள். கூகுள் பிளேயில் ஆப்பை நிர்வகிக்கும் பிளே கன்சோலில் உரிமையாளர் மின்னஞ்சல் யாருடையது, சாவிக் கோப்பும் அதன் பாஸ்வேர்டும் எங்கே இருக்கின்றன, இந்த இரண்டுக்கும் முதலில் எழுத்தில் பதில் வாங்குங்கள்.