நாள்பட்ட வலி இருக்கிறது, ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். டாக்டர்களிடம் எப்படிப் பேசி சிகிச்சையை முடிவு செய்வது?

ஆறு மாதமாக வலி, ஸ்கேன் நார்மல், ஒரு டாக்டர் மாத்திரை என்கிறார், இன்னொருவர் ஆபரேஷன் என்கிறார், வீட்டில் யாரும் நம்புவதில்லை, நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வலி எந்த இடத்தில் என்று சொல்லவில்லை. உங்களை நாற்பத்தைந்து வயதுப் பெண்ணாக, இடுப்பு வலிக்காரராக நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆணாக இருந்தால், கழுத்து வலியாக இருந்தால், மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். வீட்டில் நம்பாதது மட்டும் எல்லா வலிக்கும் பொது.

நான் டாக்டர் இல்லை. சேலத்தில் குடியிருந்து ஏற்காட்டில் வேலை பார்க்கும் தமிழாசிரியை. எனக்கு இருப்பது முக நரம்பு வலி, டாக்டர்கள் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்கிறார்கள். முகத்தின் தொடு உணர்வை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பில் கோளாறு. எனக்கு வலது கீழ்த்தாடையில். கரண்ட் ஷாக் அடித்ததுபோல சுரீர் என்று வரும், சில நொடியில் போய்விடும். போன பிறகு ஒன்றுமே இருக்காது, சிரித்துப் பேசிக்கொண்டிருப்பேன். அதுதான் பெரிய தொல்லை. விரலில் கட்டுப் போட்டவனுக்குக் கிடைக்கும் மரியாதைகூட நமக்குக் கிடைக்காது.

ஆரம்பித்தது ஒரு மார்கழியில், மலைப் பேருந்தில். அடிவாரம் வரைக்கும் சாதாரணக் காற்று. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏறக் காற்றில் ஈரமும் குளிரும் சேரும். என் பக்கத்து ஷட்டர் பாதிக்கு மேல் இறங்காது. அந்த இடுக்கில் வந்த காற்று கன்னத்தில் பட்டதும் ஒரு அடி. பல்லில் ஏதோ பிரச்சினை என்றுதான் நினைத்தேன், யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். அப்புறம் வகுப்பில் வருகைப் பதிவேடு எடுத்துப் பெயர் வாசிக்கும்போது வந்தது. முகம் கழுவும்போது, பல் துலக்கும்போது, முதல் வாய் சோறு வைக்கும்போது. சேலத்துக்காரிக்குத் தட்டுவடை செட் சாப்பிட முடியவில்லை என்றால் அது என்ன வாழ்க்கை, சொல்லுங்கள். மாமியார் வாயு என்று பூண்டை வேகவைத்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டு அக்கா கிராம்புத் தைலம் வைக்கச் சொன்னார். (நாட்டு வைத்தியத்தைக் கேலி செய்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். சளி இருமலுக்கு இன்றைக்கும் எங்கள் வீட்டில் சுக்கும் மிளகும்தான்.)

பல் டாக்டர் ஒருவர் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார். வலி அப்படியே இருந்தது. அடுத்த முறை போனபோது, "பக்கத்துப் பல்லாக இருக்கலாம், அதையும் எடுத்துப் பார்த்துவிடலாம்" என்றார். எடுத்துப் பார்ப்பதற்கு அது என்ன அலமாரிப் புத்தகமா? பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். இந்த விஷயத்தில் நான் பெருமைப்படும் இடம் அதுதான். எல்லாப் பல் டாக்டரையும் சொல்லவில்லை, என் தங்கை மகனே பல் மருத்துவம்தான் படிக்கிறான். அவன்தான் பிறகு சொன்னான், இந்த நோய்க்காரர்களில் பல பேர் நரம்பு டாக்டரிடம் வருவதற்குள் நல்ல பற்களை இழந்துவிட்டுத்தான் வருகிறார்களாம். பல் வலி என்றால் மணிக்கணக்கில் விண்விண் என்று தெறிக்கும், ராத்திரி தூங்கவிடாது. இது நொடிக்கணக்கு. லேசாகத் தொட்டால் வரும், படுத்துத் தூங்கினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

நரம்பியல் டாக்டரிடம் போனபோது என் கையில் ஒரு தாள் இருந்தது. பாடக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் நானே எழுதி வைத்திருந்ததைக் கிழித்து எடுத்துப் போயிருந்தேன். எந்த நேரம், என்ன செய்துகொண்டிருந்தேன், எத்தனை நொடி, எது பட்டால் வருகிறது, எது பட்டால் வருவதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அதைப் படித்துவிட்டு நோயின் பெயரைச் சொன்னார். ஸ்கேன் எடுத்தது அதற்குப் பிறகுதான்.

அதனால் உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். டாக்டரிடம் வலியைச் சொல்லாதீர்கள், உங்கள் நாளைச் சொல்லுங்கள். "தாங்க முடியல டாக்டர்" என்று வருகிறவர் எல்லோரும் சொல்கிறார்கள், அதை வைத்து அவர் எதைக் கண்டுபிடிப்பார்? காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு விறைத்துக் கிடந்து, நடமாட ஆரம்பித்ததும் தளர்கிறதா? குனிந்தால் காலுக்கு இறங்குகிறதா? இரண்டும் வேறு வேறு வியாதியாக இருக்கலாம், பார்க்கவேண்டிய டாக்டரே வேறாக இருக்கலாம். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்பார்கள், அதையும் சொல்லுங்கள். போன மாதத்துக்கு இந்த மாதம் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க அது உதவும். என்ன வியாதி என்பதை அந்த எண் சொல்லாது.

ஸ்கேன் விஷயத்துக்கு வருகிறேன். என் முதல் எம்.ஆர்.ஐ.யும் நார்மல்தான். கட்டி இல்லை, வேறு கோளாறு இல்லை. அதைக் காட்டி வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள், எனக்கு மட்டும் அழுகை வந்தது. டாக்டர் மறுபடி எழுதிக் கொடுத்தது அந்த ஒரு நரம்பையும் அதன் பக்கத்து ரத்தக் குழாய்களையும் மெல்லிய மெல்லிய வெட்டுகளாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. அதில் ஒரு தமனி வளைந்து வந்து நரம்பின் அடியில் உரசிக்கொண்டிருந்தது தெரிந்தது. துடிக்கிற குழாய் உரசி உரசி நரம்பின் மேலுறை தேய்கிறது, உறை தேய்ந்த ஒயர்போலச் சும்மா தொட்டாலே அடிக்கிறது. ஆகவே "ஒன்றும் இல்லை" என்று யாராவது சொன்னால், எதைத் தேடி அந்த ஸ்கேனை எடுத்தீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். உரசல் தெரியாமலேயே இந்த நோய் இருப்பவர்களும் உண்டு, உரசியும் வலியே இல்லாதவர்களும் உண்டு என்று டாக்டரே சொன்னார். இடுப்பு ஸ்கேனிலும் இதே கதைதான். டிஸ்க் பிதுங்கியிருக்கும், ஆள் மூட்டை தூக்கிக்கொண்டிருப்பார்.

மாத்திரை கார்பமாசெபின். என் வீட்டுக்காரர் வாங்கப் போனபோது மெடிக்கலில் இருந்த பையன் "யாருக்கு சார் வலிப்பு?" என்று கேட்டிருக்கிறான். அன்றைக்கு ராத்திரி வீட்டில் பெரிய ரகளை. அது வலிப்புக்கான மருந்துதான், ஆனால் 1962-லிருந்தே இந்த முக வலிக்கும் கொடுக்கிறார்கள், இன்றும் முதலில் தருவது அதைத்தான். நரம்பு தேவையில்லாமல் தீப்பொறி விடுவதை அது அடக்குகிறது. பாராசிட்டமாலும் சாதாரண வலி மாத்திரையும் இதைத் தொடவே தொடாது, நான் தின்றதெல்லாம் வீண்.

சில நாளில் வலி அடங்கியது. ஆனால் தலை மந்தமாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் வருடக்கணக்காக நடத்திய செய்யுளின் இரண்டாவது வரி வரவில்லை, பிள்ளைகள் எடுத்துக் கொடுத்தார்கள். நடக்கும்போது தள்ளாட்டம் வேறு. "கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா" என்றார் டாக்டர். பொறுத்துக்கொள்கிறேன், ஆனால் என் பிழைப்பே வாயும் ஞாபகமும்தான் சார் என்றேன். உடனே ரத்தப் பரிசோதனை எழுதினார். சோடியம் குறைந்திருந்தது. இந்த மருந்துக்கு அந்தப் பழக்கம் உண்டாம். அளவைக் குறைத்து, கூடவே இன்னொரு மாத்திரை சேர்த்தார். பி.பி. மாத்திரை போடுகிறவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள், அதன் வேகத்தை இது குறைத்துவிடலாம். தோலில் தடிப்பு வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடவேண்டும். வலி போய்விட்டது என்று நீங்களாக ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது.

இந்த நிலைமையோடு நான் தினமும் மலை ஏறி இறங்குகிறேன். மே மாதமும் சனிக்கிழமைகளும் இருக்கிறதே! மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். வெளியூர்க் கார்க்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வளைவிலேயே நிறுத்திக் குரங்குக்குச் சிப்ஸ் போட்டுப் படம் எடுக்கிறார்கள், பேருந்து அரை மணி நேரம் நிற்கிறது. ஏற்காடு அழகான ஊர்தான், வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது, காப்பித் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், பிரசவத்துக்குச் சேலத்துக்கு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கோடை விழா முடிந்த பிறகு பாதை ஓரத்தை ஒருமுறை வந்து பாருங்கள். சரி, விடுங்கள், இது உங்கள் கேள்வியில் இல்லை.

ஆபரேஷனைப் பற்றி. மாத்திரை போதாமல் போனால் என்ன என்று டாக்டர் விரிவாகவே சொன்னார். கன்னம் வழியாக ஊசி செலுத்தி நரம்பைச் சுட்டுவிடலாம். சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடலாம், ஆனால் அந்தப் பக்கம் மரத்துப்போகும், சில வருடத்தில் வலி திரும்பவும் கூடும். கதிர்வீச்சு இன்னொன்று, பலன் தெரிய வாரங்கள், மாதங்கள்கூட ஆகலாம். மூன்றாவது, காதுக்குப் பின்னால் மண்டையைச் சின்னதாகத் திறந்து, நரம்புக்கும் குழாய்க்கும் நடுவே டெஃப்லான் பஞ்சு வைப்பது. பெரிய ஆபரேஷன், காது கேட்பதில் குறை வரச் சிறிய வாய்ப்பு உண்டு, ஆனால் மற்றவற்றைவிட நீண்ட நாள் நிற்பது இதுதான்.

நான் மூன்றே விஷயம் கேட்டேன். பலித்தால் எவ்வளவு காலம்? பலிக்காவிட்டால் எதை இழப்பேன்? இப்போது செய்யாமல் தள்ளிப்போட்டால் கெட்டுவிடுமா? மூன்றாவதுக்கு அவர் சொன்ன பதிலைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உயிருக்கு ஆபத்தான நோய் இல்லை, மாத்திரை கேட்கும்வரை காத்திருக்கலாம், மாதக்கணக்கில் வலியே இல்லாமல் இருக்கும் காலமும் வரும் என்றார். தேவைப்பட்டால் ஊசி வழி சுலபம் என்பது அவர் எண்ணம். உதடும் தாடையும் மரத்துப்போனால் நாற்பது பிள்ளைகள் முன்னால் நான் எப்படிப் பாடம் நடத்துவேன் என்று கேட்டேன். அவருக்கு நான் ஆசிரியை என்று தெரியும், வேலையை அப்படி யோசித்ததில்லை. இப்போது என் கோப்பில், மாத்திரை போதாவிட்டால் காதுக்குப் பின்னால் செய்யும் ஆபரேஷன், நோயாளியின் விருப்பம் என்று எழுதியிருக்கிறார். எல்லோரும் இதையே செய்யுங்கள் என்று சொல்லவில்லை. தையல்காரருக்கும் லாரி ஓட்டுநருக்கும் கணக்கு வேறாக இருக்கும்.

வீட்டில் நம்ப வைப்பது எப்படி என்று கேட்டீர்கள். என் வீட்டுக்காரரை ஒருமுறை டாக்டர் அறைக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தேன், நான் பேசவில்லை, டாக்டர் பேசினார். மாமியார் இன்னும் வாயு என்றுதான் சொல்கிறார்.

டாக்டர் பெயர் கேட்டு எனக்கு எழுத வேண்டாம், சொல்லமாட்டேன். சேலம் பக்கம் இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே நரம்பியல் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய் வெளிநோயாளர் சீட்டு வாங்கிவிடுங்கள். எந்தப் பிரிவுக்கும் பிடிபடாத வலி என்றால், வலிக்கென்றே தனியாகப் பார்க்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் மயக்க மருந்து நிபுணர்களாக இருந்து அந்தப் பக்கம் வந்தவர்கள். போகும்போது பழைய ஸ்கேனின் ரிப்போர்ட் மட்டும் போதாது, படமோ சி.டி.யோ அதையும் எடுத்துப் போங்கள்.